மகளிர் தேசிய சதுரங்கத்தில் டிரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேசிய சாம்பியன்ஷிப்பில் முதன்முறை ஆடப்போகிறவர்கள், அவர்களோடு வரும் பெற்றோர், நேரலையில் பார்த்துவிட்டு "காய் இவ்வளவு இருக்கும்போதே ஏன் முடித்துக்கொண்டார்கள்?" என்று குழம்புகிறவர்கள் ஆகியோருக்கான பதில்கள் இவை. 2023 முதல் நடப்பில் உள்ள, உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளின்படி, வழக்கமான நீண்ட நேர ஆட்டங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. உங்கள் போட்டியின் அறிவிப்பில் கூடுதல் நிபந்தனைகள் இருக்கலாம். முதல் சுற்றுக்கு முன்பே அதைப் படித்துவிடுங்கள்.

ஓர் ஆட்டம் எந்தெந்த வழிகளில் டிரா ஆகும்?

மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

முதல் வகை, இருவரும் சம்மதித்து முடிப்பது. இரண்டாம் வகை, யாரும் கேட்காமலே முடிந்துவிடுவது: ஸ்டேல்மேட் (ஆட வேண்டியவரின் ராஜா செக்கில் இல்லை, ஆனால் ஆட நகர்வே இல்லை என்ற நிலை), எப்படி ஆடினாலும் இரு பக்கமும் மேட் செய்யவே, அதாவது ராஜாவைத் தப்பவிடாமல் மடக்கவே, வழியில்லாத நிலை (ராஜாவுக்கு எதிராக ராஜாவும் ஒரு குதிரையும் மட்டும் இருப்பது போல), ஒரே நிலை ஐந்தாவது முறை வருவது, சிப்பாய் நகராமல், காய் வெட்டுப்படாமல் இருவரும் தலா 75 நகர்வு ஆடிவிடுவது. அந்த 75ஆவது நகர்வே மேட் என்றால் மேட்தான் செல்லும்.

மூன்றாம் வகையில்தான் அரைப் புள்ளிகள் பறிபோகின்றன. ஒரே நிலை மூன்று முறை வருவதும், 50 நகர்வு விதியும் தாமாக வேலை செய்யாது. ஆட்டக்காரர் நடுவரிடம் முறைப்படி கோர வேண்டும். கோராமல் ஆடினால் ஆட்டம் தொடரும்.

தொடர் செக் என்று தனி விதி எதுவும் இப்போது இல்லை. தொடர்ந்து செக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் மூன்று முறை விதியிலோ சம்மதத்திலோதான் ஆட்டம் முடியும்.

டிரா கேட்பதும் டிரா கோருவதும் ஒன்றுதானா?

இல்லை. கேட்பது எதிராளியிடம், ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். கோருவது நடுவரிடம், விதிப்படி சரியாக இருந்தால் எதிராளி என்ன நினைத்தாலும் ஆட்டம் அங்கேயே முடிந்தது. மூன்று முறை வந்துவிட்டதை நன்றாகத் தெரிந்துகொண்டே, கூச்சத்தினாலோ பழக்கத்தினாலோ எதிராளியைப் பார்த்து "டிராவா?" என்று கேட்டுவிட்டு, அவர் தலையசைத்து மறுத்ததும் ஆட்டத்தைத் தொடர்பவர்கள் உண்டு. கையில் இருந்ததை இரவலாகக் கேட்ட கதைதான்.

இரண்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. நடுவரிடம் கோரினாலே அது எதிராளியிடம் டிரா கேட்டதாகவும் கணக்காகும். நடுவர் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிராளி "சரி" என்றால் முடிந்தது.

டிரா எப்போது, எப்படிக் கேட்க வேண்டும்?

வரிசை இதுதான்: பலகையில் நகர்த்துங்கள், "டிரா" என்று தெளிவாகச் சொல்லுங்கள், கடிகாரத்தை அழுத்துங்கள். பிறகு நகர்வுகளை எழுதும் தாளான ஸ்கோர் ஷீட்டில் அந்த நகர்வுக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் சமக்குறி போடுங்கள்: (=). எதிராளியும் தன் தாளில் அதே குறியைப் போட வேண்டும். பின்னால் "அவர் கேட்கவே இல்லை" என்று தகராறு வந்தால் சாட்சி சொல்வது அந்தக் குறிதான்.

நகர்த்தாமல் உங்கள் நேரத்திலேயே கேட்டாலும் அது செல்லும். ஆனால் எதிராளி "முதலில் நகர்த்துங்கள்" என்று சொல்லி, உங்கள் நகர்வைப் பார்த்த பிறகே முடிவெடுப்பார். கேட்டதைத் திரும்பப் பெறவும் முடியாது. நீங்கள் நகர்த்தியது பெரும் பிழையாக இருந்தால் மறுத்துவிட்டு ஆடுவார். நல்ல நகர்வாக இருந்தால் ஏற்றுக்கொள்வார். இரண்டு வழியிலும் லாபம் அவருக்கே.

எதிராளி யோசிக்கும் நேரத்தில் கேட்பதும் செல்லும், ஆனால் அது தொந்தரவு செய்த குற்றத்தில் வரலாம். ஒருமுறை மறுத்த பிறகு நிலையில் மாற்றம் எதுவுமில்லாமல் இரண்டு மூன்று நகர்வுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். எதிராளி நடுவரிடம் புகார் சொன்னால் எச்சரிக்கையோ நேர அபராதமோ கிடைக்கும். "நீ இந்தச் சிப்பாயை வெட்டமாட்டாய் என்றால் டிரா" என்பது போல நிபந்தனை போட்டுக் கேட்க அறவே இடமில்லை.

எதிராளி பதில் சொல்லாமல் யோசித்துக்கொண்டே இருந்தால்?

அது அவர் உரிமை. ஓடுவது அவர் கடிகாரம். வாயால் மறுக்கும்வரை, அல்லது நகர்த்தும் நோக்கத்தோடு ஒரு காயைத் தொடும்வரை, நீங்கள் கேட்டது உயிரோடு இருக்கும். காயைத் தொட்டுவிட்டால் மறுத்ததாகவே பொருள். தொட்ட பிறகு "சரி, டிரா" என்று அவர் சொன்னால் அது புதிதாக அவர் கேட்பதாகும். ஏற்பதா வேண்டாமா என்பது இப்போது உங்கள் கையில்.

ஒரே நிலை மூன்று முறை வந்ததை எப்படிக் கோருவது?

ஓர் உதாரணத்தை நகர்வு நகர்வாகப் பார்ப்போம். வெள்ளை ராணி 37ஆவது நகர்வில் எச்5 கட்டத்துக்கு வந்து செக் கொடுக்கிறது. எச்7இல் இருந்த கறுப்பு ராஜாவுக்குப் போக ஜி8 தவிர வேறு இடமில்லை. 38இல் ராணி இ8க்குப் போய் செக், ராஜா எச்7. 39இல் ராணி மீண்டும் எச்5, ராஜா ஜி8. 40இல் ராணி இ8, ராஜா எச்7. இப்போது வெள்ளையின் முறை, நகர்வு எண் 41. ராணி எச்5க்கு வந்தால், ராணி எச்5இலும் கறுப்பு ராஜா எச்7இலும் இருந்து கறுப்பு ஆட வேண்டிய நிலை 37, 39, 41 என மூன்றாம் முறை வரும்.

வெள்ளை ஆடுபவர் செய்ய வேண்டியது: ராணியைத் தொடக்கூடாது. 41ஆவது நகர்வாக ராணி எச்5 என்று ஸ்கோர் ஷீட்டில் எழுத வேண்டும். கடிகாரத்தின் நடுப் பொத்தானை அழுத்தி இரு பக்க நேரத்தையும் நிறுத்த வேண்டும். கையைத் தூக்கி நடுவரை அழைத்து, "இந்த நகர்வை ஆடினால் ஒரே நிலை மூன்றாம் முறை வருகிறது, 37, 39, 41" என்று எண்களோடு சொல்ல வேண்டும். எழுதிய நகர்வை மாற்ற முடியாது.

அவர் கவனிக்காமல் ராணியை எச்5இல் வைத்துக் கடிகாரத்தை அழுத்திவிட்டால், கோரும் உரிமை இப்போது கறுப்புக்குப் போய்விட்டது. நிலை பலகையில் வந்துவிட்டதால் கறுப்பு எதையும் எழுதத் தேவையில்லை. கடிகாரத்தை நிறுத்தி நேரடியாகவே கோரலாம். கறுப்பும் கோராமல் ராஜாவை ஜி8இல் வைத்தால், அந்த நிலையும் 37, 39, 41 என்று மூன்றாம் முறை வந்துவிடுகிறது. மறுபடி வெள்ளை கோரலாம். தொடர் செக்கில் இப்படி வாய்ப்பு திரும்பத் திரும்ப வரும். மற்ற நிலைகளில் எதிராளி அடுத்த நகர்விலேயே வேறு பக்கம் திரும்பிவிட்டால், வந்த வாய்ப்பு வந்த வழியே போய்விடும்.

அடிக்கடி நடக்கும் தவறு, முதலில் நகர்த்திவிட்டுப் பிறகு கோருவது. காயைத் தொட்டாலே அந்த நகர்வில் கோரும் உரிமை போய்விடும். எழுதுவது முன்னால், கை பின்னால்.

பார்க்க ஒரே நிலைதான். நடுவர் "இல்லை" என்கிறார். ஏன்?

காய்கள் அதே கட்டங்களில் இருந்தால் மட்டும் போதாது. ஆட வேண்டியவர் அதே ஆளாக இருக்க வேண்டும். ஆடக்கூடிய நகர்வுகளும் அவ்வளவும் அதேயாக இருக்க வேண்டும். முதல்முறை வந்தபோது காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) செய்யும் உரிமை இருந்து, இடையில் ராஜாவோ யானையோ ஒருமுறை நகர்ந்து திரும்பி வந்திருந்தால், அது வேறு நிலை. முதல்முறை என்-பாசான் முறையில் (இரண்டு கட்டம் தாவிவந்த சிப்பாயை அடுத்த நகர்விலேயே வெட்டுவது) சிப்பாயை வெட்ட வாய்ப்பு இருந்திருந்தால், அதுவும் வேறு நிலை.

மூன்று முறையும் அடுத்தடுத்து வர வேண்டும் என்பது தவறான எண்ணம். 28, 33, 46 என்று இடைவெளி விட்டு வந்தாலும் செல்லும்.

கோரிக்கை தவறாகப் போனால் என்ன அபராதம்?

எதிராளியின் கடிகாரத்தில் 2 நிமிடம் கூட்டுவார்கள், ஆட்டம் தொடரும். எழுதிய நகர்வை வைத்துக் கோரியிருந்தால் அந்த நகர்வையே ஆட வேண்டும். உங்களுக்கு 40 வினாடிதான் மிச்சம், அவருக்கு அரை மணி இருக்கிறது என்றால் அந்த 2 நிமிடத்தால் பெரிய நட்டமில்லை. சந்தேகம் நியாயமானதாக இருந்தால் கோரிவிடுவதே நல்லது. ஆனால் நடுவர் சரிபார்க்கும் நேரத்தை மூச்சுவிடும் இடைவேளையாகப் பயன்படுத்த, வேண்டுமென்றே கோருகிறவர்களை நடுவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

50 நகர்வு விதியை எப்படி எண்ணுவது?

இருவரும் ஆளுக்கு 50 நகர்வு. இடையில் எந்தப் பக்கமாவது ஒரு சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்தாலும், ஒரு காய் வெட்டுப்பட்டாலும் எண்ணிக்கை மீண்டும் பூஜ்யத்திலிருந்து. கடைசியாக வெட்டு நடந்த நகர்வை ஸ்கோர் ஷீட்டில் அடிக்கோடிட்டு வைத்தால் நடுவருக்கும் வேலை எளிது. நகர்வுக்கு 30 வினாடி கூடும் ஆட்டங்களில் நேரம் எவ்வளவு குறைந்தாலும் எழுதியே ஆக வேண்டும். எழுதாதவரின் கோரிக்கைக்கு ஆதாரம் எங்கே?

இந்த விதி பெரும்பாலும் யானையும் பிஷப்பும் சேர்ந்து தனி யானையைத் துரத்தும் முடிவாட்டத்தில் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில்) உதவிக்கு வரும். அது பொதுவாக டிராதான், ஆனால் தற்காப்பது கடினம். பிஷப்பும் குதிரையும் சேர்ந்து தனி ராஜாவை மேட் செய்வதில் கதை வேறு: சரியாக ஆடினால் அதிகபட்சம் 33 நகர்வு போதும். முறை தெரியாதவர் சுற்றிச் சுற்றி வந்து 50ஐத் தொட்டு ஒரு முழுப் புள்ளியைப் பாதியாக்கிக்கொள்வார்.

நேரம் தீர்ந்துவிட்டது, ஆனாலும் டிரா என்கிறார்கள். எப்படி?

உங்கள் நேரம் தீர்ந்தால் தோல்விதான், ஒரு விலக்கோடு: எந்தச் சட்டபூர்வ நகர்வு வரிசையிலும் எதிராளியால் உங்கள் ராஜாவை மேட் செய்ய முடியாது என்றால் டிரா. அவரிடம் ராஜா மட்டும் இருந்தால் சந்தேகமே இல்லை.

சிக்கல் "எந்த வரிசையிலும்" என்ற சொல்லில் இருக்கிறது. உங்களிடம் யானை, அவரிடம் ஒரே ஒரு குதிரை. நிலை உங்களுக்கே சாதகம். ஆனால் நேரம் தீர்ந்தால் நீங்கள் தோற்றீர்கள். காரணம்: உங்கள் ராஜா எச்8இலும், உங்கள் யானையே வழியை மறித்து ஜி8இலும் நிற்க, அவர் ராஜா எச்6இலும் குதிரை எஃப்7இலும் வந்தால் அது மேட். யாரும் அப்படி ஆடமாட்டார்கள் என்பது வாதமாகாது. முடியுமா என்பதே கேள்வி. அதே இடத்தில் உங்களிடம் யானைக்குப் பதிலாக ராணி மட்டும் இருந்திருந்தால் மேட்டுக்கு வழியே கிடையாது, டிரா.

அதனால் நேர நெருக்கடியில் எதிராளியிடம் ஒற்றைக் குதிரை மிஞ்சியிருந்தால், முடிந்தால் அதை யானையைக் கொடுத்தாவது வெட்டிவிடுங்கள்.

எந்த முடிவாட்டங்களை டிரா என்று நம்பலாம்?

முழுப் பட்டியல் இங்கே அடங்காது. பலகையில் அடிக்கடி வரும் சிலவற்றை மட்டும் சொல்கிறோம்.

ஓரச் சிப்பாயும் தவறான நிறப் பிஷப்பும்: வெள்ளையிடம் எச்-வரிசைச் சிப்பாயும், வெள்ளைக் கட்டங்களில் ஓடும் பிஷப்பும். எச்8 கறுப்புக் கட்டம். கறுப்பு ராஜா அந்த மூலைக்குள் புகுந்துவிட்டால் வெளியேற்றவே முடியாது. இரண்டு காய் குறைந்திருப்பவர்கூட மீதியைக் கொடுத்துவிட்டு இந்த மூலையை நோக்கி ஓடலாம்.

யானைக்கு எதிராக யானையும் ஒரு சிப்பாயும் இருப்பது இன்னும் அதிகம் வரும். ஃபிலிடோர் தற்காப்பில் கறுப்பு ராஜா சிப்பாய் ராணியாகும் கட்டத்தில் நிற்கும். யானை ஆறாம் படியில் (வெள்ளைப் பக்கமிருந்து எண்ணினால் ஆறாவது கிடை வரிசையில்) குறுக்கே நின்று வெள்ளை ராஜாவை உள்ளே விடாது. வெள்ளைச் சிப்பாய் ஆறாம் படிக்கு ஏறிய கணத்தில் யானை நேராக முதல் படிக்குப் போய்ப் பின்னாலிருந்து செக் கொடுக்க வேண்டும். சிப்பாய் முன்னால் வந்துவிட்டதால் வெள்ளை ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. தவறு எப்படி வருகிறது என்றால், பொறுமையிழந்து சிப்பாய் ஏறும் முன்பே யானை ஆறாம் படியை விட்டுப் போய்விடுகிறது. ராஜா உள்ளே நுழைகிறது. எளிய டிரா பாடுபட வேண்டிய ஆட்டமாகிவிடுகிறது.

எதிர் நிறப் பிஷப்புகள் (ஒருவருடையது வெள்ளைக் கட்டங்களிலும் மற்றவருடையது கறுப்புக் கட்டங்களிலும் ஓடுவது) இருந்தால் ஒரு சிப்பாய் குறைவு பெரும்பாலும் பாதிக்காது, சில நேரம் இரண்டுகூட. ஆனால் யானைகளும் பலகையில் இருக்கும்போது அதே பிஷப்புகள் தாக்குபவருக்கே துணை. "எதிர் நிறம், டிராதானே" என்று சொல்லிவிட்டுத் தோற்ற ஆட்டங்கள் ஏராளம்.

குறிப்பிட்ட நகர்வுக்கு முன் டிரா பேசக்கூடாது என்று அறிவிப்பில் இருக்கிறது. அப்படியும் 14 நகர்வில் முடிக்கிறார்களே?

நகர்வு வரம்பு வைப்பதற்கும், நடுவர் சம்மதமின்றி டிரா பேசவே கூடாது என்பதற்கும் அமைப்பாளருக்கு உரிமை உண்டு. பின்னது 2005இல் பல்கேரியாவின் சோஃபியாவில் நடந்த போட்டியிலிருந்து சோஃபியா விதி என்றே பெயர் பெற்றது. ஆனால் இவை சம்மதத்தைத்தான் தடுக்கும். மூன்று முறை விதியைத் தடுக்க முடியாது.

பெர்லின் தற்காப்பு என்ற தொடக்க ஆட்ட முறையில் பெயர்பெற்ற ஒரு வரிசை இருக்கிறது. பத்தாம் நகர்வுக்குள் சிறு காய்கள் பல வெட்டுப்பட்டு, வெள்ளை ராணி டி4இலும் கறுப்பு ராணி டி6இலும் நிற்கும். வெள்ளை ராணி இ4க்கு வந்து செக், கறுப்பு ராணி இ6இல் மறைக்கும், வெள்ளை டி4க்குத் திரும்பும், கறுப்பு டி6க்கு. இன்னொரு முறை அதே நடனம். 14ஆவது நகர்வில் கோரிக்கை, கைகுலுக்கல். விதிப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்வையாளருக்குத்தான் டிக்கெட் வீண்.

முன்கூட்டியே பேசிவைத்து டிரா எடுத்தால்?

குற்றம். சாதாரணமாகத் தப்பிவிடுகிறவர்கள் உண்டு, அப்பட்டமாகச் செய்தால் மாட்டுவார்கள். 2023 டிசம்பரில் சமர்கந்தில் நடந்த உலக பிளிட்ஸ் (அதிவேக ஆட்டம்) போட்டியில் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர்கள் நெபோம்னியாச்சியும் டுபோவும் குதிரைகளை மட்டும் ஊர்வலம் விட்டு மீண்டும் வீட்டுக்கே கொண்டுவந்து டிரா செய்தார்கள். நடுவர் இருவருக்கும் பூஜ்யம் போட்டார். தேசியப் போட்டியின் கடைசிச் சுற்றில், இருவருக்கும் அரைப் புள்ளி போதும் என்ற நிலையில், நடுவர் கண் அந்தப் பலகை மேல்தான் இருக்கும்.

டிரா ரேட்டிங்கை எப்படிப் பாதிக்கும்?

மகளிர் தேசியப் போட்டிகளில் ஆடுபவர்களுக்கு இடையே ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) இடைவெளி அகலமாக இருப்பதால் இந்தக் கேள்வி முக்கியம். 2350 உள்ளவர் 2150 உள்ளவரோடு ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 200 புள்ளி வித்தியாசத்துக்கு ஓர் ஆட்டத்தில் எதிர்பார்க்கப்படும் புள்ளி 0.76க்கு 0.24. டிரா ஆனால் மேலே உள்ளவர் 0.26 குறைவாக எடுத்திருக்கிறார். அவருக்கு கே-மதிப்பு (அந்தக் குறைவைப் பெருக்கும் எண்) 20 என்றால் 5.2 புள்ளி இறக்கம். எதிரே இருப்பவர் 18 வயதுக்குட்பட்டவர், கே-மதிப்பு 40 என்றால் 10.4 ஏற்றம். ஒரே ஆட்டம், ஒரே முடிவு. ஒருவர் முகம் வாடும், மற்றவர் வீட்டில் இனிப்பு.

நார்முக்கு அரைப் புள்ளி அவ்வளவு முக்கியமா?

கணக்கைப் பாருங்கள். மகளிர் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கான தகுதிப் படியான நார்முக்கு 2400 செயல்திறன் (அந்தப் போட்டியின் முடிவுகளை மட்டும் வைத்துக் கணக்கிடும் ரேட்டிங்) வேண்டும். 9 சுற்றில் எதிராளிகளின் சராசரி 2250. 6 புள்ளி எடுத்தால் செயல்திறன் 2375, போதாது. 6½ எடுத்தால் 2416, கிடைத்தது. தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பின் இறுதிக்கட்டத்துக்கு வெளிநாட்டு எதிராளிகள் தேவை என்ற நிபந்தனையில் விலக்கு இருப்பதால், வீட்டருகிலேயே நார்ம் எடுக்க இது நல்ல இடம். கடைசிச் சுற்றுக்கு முன் நடுவரிடம் "எனக்கு வெற்றி வேண்டுமா, டிரா போதுமா?" என்று கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனக்கணக்கை நம்பி டிரா கேட்டு, பிறகு அரைப் புள்ளி குறைந்தது தெரிந்தால் யாரிடம் போய் அழுவது?

புள்ளி சமமானால் டிராக்கள் எப்படி எண்ணப்படும்?

அறிவிப்பில் உள்ள வரிசையே முடிவு. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சமப் புள்ளி உள்ளவர்களை மோதவிடும் சுவிஸ் முறையில் பெரும்பாலும் புக்ஹோல்ஸ் வரும். அது எதிராளிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டல். அதிக வெற்றிகள் முன்னால் என்று விதி இருந்தால் டிரா நிறைய எடுத்தவர் பின்தங்குவார். எல்லாரும் எல்லாரோடும் ஆடும் போட்டியில் சோனெபோர்ன்-பெர்கர்: வென்ற எதிராளியின் மொத்தப் புள்ளி முழுதாக, டிரா செய்த எதிராளியின் புள்ளியில் பாதி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 7 புள்ளி எடுத்த முதலிடக்காரரோடு டிரா செய்தால் 3.5 சேரும். 2½ புள்ளி எடுத்த கடைசிக்காரரை வென்றால் 2.5தான்.

டை-பிரேக்கில் அர்மகெடான் என்றால்?

டிராவுக்கே இடமில்லாத ஒற்றை ஆட்டம். வெள்ளைக்கு நேரம் அதிகம்; கறுப்புக்குக் குறைவு, ஆனால் டிரா ஆனாலே கறுப்பு வென்றதாகக் கணக்கு. 2008 அமெரிக்க மகளிர் சாம்பியன்ஷிப் இப்படித்தான் முடிந்தது. இரினா கிரஷும் அன்னா ஸடோன்ஸ்கியும் சமமாக நிற்க, கூடுதல் வினாடி இல்லாத அர்மகெடானில் இருவரும் காய்களைத் தட்டிவிட்டுக்கொண்டே ஆடினார்கள். வெள்ளை ஆடிய கிரஷின் நேரம் முதலில் தீர்ந்தது. ஸடோன்ஸ்கியிடம் மிஞ்சியது ஒரே வினாடி. பட்டத்தை இப்படித் தீர்மானிக்கலாமா என்ற விவாதம் அதன்பின் வெகுநாள் ஓடியது. நகர்வுக்கு 2 அல்லது 3 வினாடியாவது கூட்டாமல் இதை வைப்பது அமைப்பாளரின் பிழை என்பதே எங்கள் கருத்து.

டிரா ஆனதும் என்ன செய்ய வேண்டும்?

கடிகாரத்தை நிறுத்துங்கள். இரண்டு ஸ்கோர் ஷீட்டிலும் ½–½ எழுதி, இருவரும் இரண்டிலும் கையெழுத்திடுங்கள். நேரலைப் பலகையாக இருந்தால் ஒரு ராஜாவை நடு வெள்ளைக் கட்டத்திலும் இன்னொன்றை நடுக் கறுப்புக் கட்டத்திலும் வையுங்கள். இரண்டையும் ஒரே நிறக் கட்டத்தில் வைத்தால் கருவி யாரோ வென்றதாகப் படித்து, இணையத்தில் தவறான முடிவு போய்விடும். தாளில் முடிவைத் தவறாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் உடனே நடுவரிடம் சொல்லுங்கள். அடுத்த சுற்றின் ஜோடிகள் ஒட்டப்பட்ட பிறகு சொன்னால் அந்தச் சுற்றைப் பெரும்பாலும் பழைய முடிவை வைத்தே ஆட வேண்டியிருக்கும்.